ஆம்னி ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வீட்டில் கட்டும் காருக்கு மாற்றியமைப்பது

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை, கடலூரிலும் அப்படித்தான். பழைய மாருதி ஆம்னி வேனின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீளக் குழாயைக் கொண்டுபோய், “இருபது சென்டி குறைச்சுக் குடுங்க” என்றால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். வெட்டுவது சுலபம். எவ்வளவு வெட்டுவது, எந்த முனையில் வெட்டுவது, வெட்டிய பிறகு இரண்டு முனையும் எப்படி நிற்க வேண்டும் என்பதில்தான் வண்டி அதிருமா அதிராதா என்பது இருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தீர வேண்டிய விஷயம். எஞ்சினும் பின் ஹவுசிங்கும் (பின் அச்சையும் அதன் கியர்களையும் மூடிய உறை) எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் உட்காரும் என்று முதலில் முடிவாக வேண்டும். அதன்பின் மிஞ்சுகிற வித்தியாசத்தை மட்டும்தான் ஷாஃப்டில் வெட்ட வேண்டும். முதலில் ஷாஃப்டை வெட்டிவிட்டு, அதற்குத் தக்கபடி எஞ்சின் மவுண்டை இழுத்து வெல்டு பண்ணினால் கோணம் கெட்டுப்போகும். கெட்ட கோணத்தை எந்த பேலன்சிங்கும் சரிசெய்யாது.

இங்கே சொல்வது முன்னால் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், இரண்டு இருக்கை கொண்ட குழாய்ச் சட்ட காருக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஹவுசிங், ஷாஃப்ட் நான்கும் ஒரே ஆம்னியிலிருந்து. 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் அதில் நீளவாக்கில் நிற்கிறது, பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் ஹவுசிங். நான்கையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தால் ஸ்ப்லைனும் (வழுக்கிச் செருகும் பல்வரிசை) ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) தாமாகவே பொருந்தும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தனித்தனியாகப் பொறுக்கி வாங்கினால், ஃபிளாஞ்சின் போல்ட் வட்டத்தையும் ஸ்ப்லைன் பல் எண்ணிக்கையையும் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாருதி 800 எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைக்கும் பக்கி வகை வண்டிகளின் கதை வேறு. அதில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு இரண்டு குட்டையான அச்சுகள் போகும். அவை குழாய் அல்ல, வெப்பப் பதம் கொடுத்துக் கடினப்படுத்திய திடத்தண்டு. அதை அறுத்து, மேலே ஸ்லீவ் போட்டு வெல்டு பண்ணுவது பரவலாக நடக்கிறது. செய்யாதீர்கள். வெல்டு சூட்டில் அந்த இடத்தின் பதம் இறங்கிவிடும். அதை ஒட்டி நொறுங்கும் தன்மையுள்ள வளையம் ஒன்று உருவாகும். தண்டு அங்கேதான் முறியும், அதுவும் முதல் கியரில் முழு இழுவையின்போது. அங்கே சரியான வழி இரண்டுதான்: பழைய தண்டின் நீளத்துக்கே சேசிஸின் அகலத்தையும் எஞ்சினின் இடத்தையும் அமைப்பது, அல்லது இஎன்24 போன்ற உலோகக்கலவை எஃகில் புதிதாகக் கடைந்து, ஸ்ப்லைன் வெட்டி, பதமேற்றி வாங்குவது. இனிமேல் இந்தக் கட்டுரையில் ஷாஃப்ட் என்றால் நடுவில் ஓடும் குழாய் ஷாஃப்ட் மட்டுமே.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. புதிய மாதிரி வாகனம் என்றால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும். ஆகவே புதுச்சேரியின் பிஒய்-01 ஆனாலும் கடலூரின் டிஎன்-31 ஆனாலும், வீட்டில் கட்டிய காருக்குச் சாலைப் பதிவு கிடைக்கும் என்று நம்பிக் கட்ட வேண்டாம். கல்லூரி வளாகம், சொந்த நிலம், மூடிய ஓடுதளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த ஆம்னியின் பதிவை ரத்து செய்ய 55ஆம் பிரிவின் கீழ் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், இதையும் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

ஷாஃப்டை வண்டியிலிருந்து கழற்றும் முன்பே சுண்ணாம்புக்கட்டி வேண்டாம், சென்டர் பஞ்சால் குறி போடுங்கள்: பினியன் (ஹவுசிங்கில் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கும் கியர்) ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்ட் ஃபிளாஞ்சுக்கும் ஒரு ஜோடி, ஒவ்வொரு கிராஸின் (ஜாயின்டின் நடுவே இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) இரண்டு பக்க யோக்குக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரு ஜோடி. ஸ்லிப் யோக்கை (கியர்பாக்ஸ் வாலுக்குள் வழுக்கி நுழையும் முன் யோக்) உருவினால் கியர்பாக்ஸ் வாலிலிருந்து ஆயில் ஒழுகும். தட்டு வைத்து, வாய்க்குப் பாலிதீன் கட்டுங்கள்.

கிராஸை இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் கிராஸை மாற்ற வேண்டும். கிராஸ் கிட் எல்லா ஊரிலும் கிடைப்பதால் அது பெரிய விஷயமல்ல. யோக்கின் கண் தேய்ந்து, பேரிங் கப் கையால் தள்ளினாலே நுழைகிறது என்றால் அந்த யோக் போய்விட்டது. பஞ்ச் அடித்து இறுக்கும் வேலை கொஞ்சநாள்கூடத் தாங்காது. ஸ்லிப் யோக்கின் வெளிப்புறத்தில் ஆயில் சீல் ஓடிய இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் ஒழுகும். குழாயில் சின்ன நசுங்கல் இருந்தாலும் வேண்டாம். மெல்லிய சுவருள்ள குழாய் நசுங்கிய இடத்தில்தான் முறுக்கில் மடங்கும். கடற்கரை வண்டிகளில் குழாயின் வெல்டு ஓரத்தில் துரு உரிந்து பொருக்காக வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உலோகம் குழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

கடைசியாக, வெட்டும் முன்பே ஒரு முறை லேத்தில் சுழலவிட்டு டயல் கேஜில் அவுட் (சுழலும்போது மையத்திலிருந்து விலகும் அளவு) பாருங்கள். ஏற்கெனவே வளைந்த ஷாஃப்டை வெட்டி நேராக்க முடியாது. வளைவும் கூடவே வரும்.

கோணம்: இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

சாதாரண கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் ஓடும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். 10 பாகை கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 3 பாகையில் 0.14 சதவீதம்தான். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்தத் தள்ளாட்டத்தைப் பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் ஈடுகட்டிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இரண்டு ஜாயின்டிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, ஷாஃப்டின் இரு முனையிலும் குழாயோடு சேர்ந்த யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். முன் யோக்கின் கண்கள் மேலும் கீழுமாக நின்றால் பின் யோக்கின் கண்களும் மேலும் கீழுமாகவே நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் முழுதாக ஈடுகட்டாது. யோக்குகள் ஒன்றுக்கொன்று கால் வட்டம் திரும்பி நின்றால் இரண்டும் கூடியே விடும்.

கோணம் சமமாக வர எளிய வழி, கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது. ஒரே கோட்டில் இருக்கத் தேவையில்லை. இணையாக இருந்தால் போதும். கியர்பாக்ஸ் பின்பக்கமாக 2 பாகை கீழே சாய்ந்தால் பினியன் மூக்கு 2 பாகை மேலே பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு முன் கார் ஓடும் நிலையில் நிற்க வேண்டும். சக்கரங்கள் தரையில், ஸ்பிரிங் சுமை தாங்கிய நிலையில், இரண்டு இருக்கையிலும் தலா 70 கிலோ மணல் மூட்டை, பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் 20 கிலோ. வெறும் சட்டத்தை வைத்து அளந்தால், பிறகு பாடியும் ஆளும் ஏறும்போது ஹவுசிங் மேலே வந்து கணக்கு முழுக்க மாறிவிடும். தரை சமமா என்பதை ரசமட்டத்தில் முதலில் பாருங்கள். பிறகு டிஜிட்டல் கோணமானியைக் கியர்பாக்ஸ் வாலில், எஞ்சின் அச்சுக்கு இணையான கடைந்த முகத்தில் வையுங்கள். பினியன் ஃபிளாஞ்சின் முகத்தில் செங்குத்தாக வைத்து அடுத்த அளவை எடுங்கள். கைப்பேசிச் செயலியும் போதும், ஆனால் கைப்பேசியின் பின்புறக் கவரைக் கழற்றிவிட்டு, ஒரே விளிம்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு கணக்கு. கியர்பாக்ஸ் வாயின் மையம் பினியன் மையத்தைவிட 60 மி.மீ. உயரம், இரண்டு கிராஸுக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 1000 மி.மீ. என்றால் ஷாஃப்டின் சாய்வு 3.4 பாகை. எஞ்சினும் பினியனும் தரைக்குச் சமமாக இருந்தால் ஒவ்வொரு ஜாயின்டிலும் 3.4 பாகை. எஞ்சினின் பின்புறத்தை 2 பாகை இறக்கி, பினியனை 2 பாகை தூக்கினால் ஒவ்வொன்றிலும் 1.4 பாகையாகக் குறையும். இதுதான் நமக்கு வேண்டியது: 1 முதல் 3 பாகைக்குள். முழுக்க 0 பாகையும் நல்லதல்ல. அப்போது ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். கிராஸின் முனையில் ஊசி வடிவக் கோடுகள் பதியும், பிறகு கரகரக்கும். இரண்டு ஜாயின்டின் கோணமும் 1 பாகைக்கு மேல் வேறுபடக் கூடாது.

பட்டை ஸ்பிரிங்கில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதித்து இழுக்கும்போது ஹவுசிங் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளும். பினியன் மூக்கு மேலே எழும்பும். அதனால் நின்ற நிலையில் பினியனை இணைக்கோட்டைவிட 1 பாகை கீழே வைப்பது வழக்கம். ஓடும்போது அது இணைக்கு வந்து நிற்கும். சாய்வை மாற்ற, ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்கின் இருக்கைக்கும் நடுவே எஃகில் செய்த ஆப்பு வைக்கலாம். அலுமினிய ஆப்பு நசுங்கி, யு-போல்ட் தளரும்.

எஞ்சினைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைத்திருந்தால் மேலிருந்து பார்க்கும்போதும் ஒரு கோணம் இருக்கும். உண்மையான கோணம் இரண்டும் சேர்ந்தது: செங்குத்தில் 3, பக்கவாட்டில் 4 என்றால் ஜாயின்டில் இருப்பது 5 பாகை. ஓட்டுநரின் காலுக்கு இடம் விட எஞ்சினை நகர்த்துகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஷாஃப்ட் குட்டையாகக் குட்டையாக இந்தப் பிரச்சினை கூடும். அதே 60 மி.மீ. உயர வித்தியாசம் 500 மி.மீ. ஷாஃப்டில் 6.8 பாகை ஆகிவிடும். சக்கரம் 80 மி.மீ. தொங்கினால் 15 பாகையைத் தாண்டும். இந்த நிலை வந்தால் ஷாஃப்டை வெட்டாதீர்கள். எஞ்சினை முன்னே நகர்த்த இடமிருக்கிறதா, உயரத்தைக் குறைக்க முடியுமா என்று சட்டத்தைத்தான் திரும்பப் பாருங்கள்.

நீளம்

கோணம் முடிவான பிறகு, மூட்டைகள் இருக்கையிலேயே இருக்கட்டும். கிராஸ்களைக் கழற்றி, ஸ்லிப் யோக்கை மட்டும் கியர்பாக்ஸ் வாலில் கடைசி வரை தள்ளுங்கள். சீல் விளிம்பில் ஒரு கோடு போட்டு, 25 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துங்கள். பின்னால் ஃபிளாஞ்ச் யோக்கைப் பினியனில் போல்ட் போடுங்கள். இப்போது முன் யோக்கின் கண் மையத்திலிருந்து பின் யோக்கின் கண் மையம் வரை, ஷாஃப்ட் போகும் சாய்வுக் கோட்டிலேயே அளங்கள். இதுதான் புது ஷாஃப்டின் கிராஸ் மையத் தூரம். பழைய ஷாஃப்டின் கிராஸ் மையத் தூரத்திலிருந்து இதைக் கழித்தால் வருவது குழாயில் வெட்ட வேண்டிய நீளம். ஃபிளாஞ்ச் தடிமன், யோக் நீளம் என்று தனித்தனியாகக் கூட்டிக் கழிக்கவே வேண்டியதில்லை. அங்கேதான் தவறு நுழையும்.

25 மி.மீ. எதற்கு? ஹவுசிங் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்டின் தேவையான நீளம் மாறும். 1000 மி.மீ. தூரத்தில் சாய்வு 3 பாகையிலிருந்து 8 பாகைக்குப் போனால் 8 மி.மீ.க்குச் சற்று மேல் நீளம் வேண்டும். அதோடு வளைந்த பட்டை சுமையில் நிமிரும்போது ஹவுசிங்கே முன்னும் பின்னும் சில மி.மீ. நகரும். உள்ளே இடமில்லாவிட்டால் யோக் கியர்பாக்ஸின் பின் பேரிங்கில் இடிக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்தாலே கேஸ் விரிசல் விடும். மறுபக்கம், முழுக்கத் தொங்கும் நிலையிலும் ஸ்ப்லைன் தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது பிடித்திருக்க வேண்டும். ஜாக்கியில் சட்டத்தைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, போட்ட கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நீட்ட வேண்டி வந்தால் குழாயோடு குழாயை ஒட்டுவது கூடாது. முழுப் புதுக் குழாய் வாங்குங்கள். வாகனங்களுக்கான எஃகுக் குழாய்க்கு ஐஎஸ் 3074 என்ற தரம் இருக்கிறது. அதில் குளிர் இழுவையில் வந்த குழாயைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். அதை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் முடிவில்லை.

நீட்டுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. நீளமான குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கயிறு சுழற்றுவதுபோல் நடுவில் வில்லாக வளையும். எஃகுக் குழாய்க்கு அந்த வேகத்தைக் கணக்கிடலாம்: வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், அதை 12.1 கோடியால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லா அளவும் மி.மீ.யில். விடை நிமிடத்துக்குச் சுற்றுகளில் வரும். வெளியே 63.5, உள்ளே 60.3 உள்ள குழாய், நீளம் 1100 என்றால் 8750 சுற்று. கிராஸும் ஸ்ப்லைனும் கல்லில் கட்டியதுபோல் இறுக்கமாக இருப்பதில்லை என்பதால் இதில் 70 சதவீதத்தை எல்லையாக வையுங்கள், 6100. ஆம்னியின் நான்காவது கியர் நேரடி, ஆகவே எஞ்சின் சுற்றுதான் ஷாஃப்ட் சுற்று. எஞ்சினின் உச்ச சக்தி 5000இல் வருகிறது. தாராளமாகப் போதும். அதே குழாயை 1400 ஆக நீட்டினால் கணக்கு 5400க்கு இறங்கும், எல்லை 3800. டாப் கியரில் பாதி மிதித்தாலே ஆபத்து.

முறுக்குப் பலத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த எஞ்சினின் உச்ச முறுக்கு ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் மூன்றரை மடங்கு, கிளட்ச் சட்டென விடும் அதிர்ச்சிக்கு இன்னொரு இரண்டு மடங்கு என்று வைத்தாலும் மேலே சொன்ன குழாயில் தகைவு சதுர மி.மீ.க்கு 45 நியூட்டன் அளவுதான் வரும். சாதாரண எஃகுக்கு அது ஒன்றுமில்லை. சுவரைத் தடிமனாக்கினால் எடைதான் கூடும், சுழல் வேக எல்லை சற்றே குறையவும் செய்யும். விட்டத்தைக் கூட்டுவதே பலன் தரும்.

லேத்தில்

ஒரு முனையில் மட்டும் வெட்டுங்கள். மறுமுனையின் தொழிற்சாலை வெல்டு அப்படியே இருந்தால் ஒரு பக்கம் நேராக இருப்பது உறுதி. குழாய் முழுநீளத்துக்கும் இரண்டு யோக்கையும் தொடும்படி ஒரு நேர்கோட்டைக் கீறிவிடுங்கள். ஆங்கிள் இரும்பைக் குழாய்மேல் படுக்கவைத்து அதன் விளிம்பில் கீறினால் கோடு அச்சுக்கு இணையாக வரும். வெட்டிய பிறகு யோக் திரும்பி உட்கார வேண்டிய இடத்துக்கு இந்தக் கோடுதான் சாட்சி.

கிராஸ்களையும் சீல்களையும் கழற்றிவிட்டு ஷாஃப்டை லேத்தில் பிடித்து, வெல்டுப் பட்டையின் மேல் பார்ட்டிங் டூலை மெதுவாக இறக்குங்கள். குழாயின் தடிமன் தீர்ந்ததும் யோக்கின் கழுத்து குழாயிலிருந்து விடுபடும். அதற்குமேல் இறக்கினால் கழுத்து மெலிந்துவிடும். யோக்கை உருவி எடுத்து, குழாயைக் கணக்குப்படி வெட்டி, முகத்தைச் சதுரமாகக் கடையுங்கள். யோக்கின் தோள்பட்டையைக் கடைந்து சுத்தம் செய்ததில் ஒன்றிரண்டு மி.மீ. போயிருந்தால் அந்த அளவுக்குக் குழாயை நீளமாக விட்டு வெட்ட வேண்டும். குழாயின் உள்ளே நீளவாக்கில் தையல் வெல்டு மேடு இருக்கும். கழுத்து நுழையும் ஆழம் வரை அதை அராவி எடுங்கள், இல்லாவிட்டால் யோக் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காரும். கழுத்து சுத்தியால் தட்டினால் மட்டுமே நுழைய வேண்டும். கையால் நுழைந்தால் அந்தத் தளர்வு முழுவதும் அவுட்டாக மாறும்.

கோட்டோடு கோடு சேர்த்துத் தட்டிய பிறகு வெல்டு பண்ண அவசரப்படாதீர்கள். யோக்குகளின் கண்களில் ஒரே விட்டமுள்ள நேரான கம்பிகளைச் செருகி, சமதளத்தில் வி-பிளாக்கின் மேல் வைத்து, இரண்டு கம்பியிலும் கோணமானி வையுங்கள். இரண்டும் அரைப் பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒரு பாகை தப்பினால்கூட மெல்லிய அதிர்வு தெரியும்.

பிறகு 90 பாகைக்கு ஒன்றாக நான்கு டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு). டயல் கேஜ் வைத்துச் சுழற்றுங்கள். உயர்ந்த பக்கத்தை நைலான் சுத்தியால் தட்டிச் சரிசெய்யலாம். டேக் மட்டும் இருக்கும்போதுதான் இது முடியும். முனைகளை ஒட்டி 0.25 மி.மீ., நடுவில் 0.4 மி.மீ. என்பது மொத்த டயல் அளவின் எல்லை. அதற்குள் வந்த பிறகே முழு வெல்டு.

யோக் அச்சில் அடித்து உருவாக்கிய நடுத்தரக் கார்பன் எஃகு, குழாய் மெல்லிய மென்எஃகு. சூடில்லாத யோக்கில் நேராக வெல்டு பண்ணினால் யோக் பக்கம் சட்டெனக் குளிர்ந்து விரிசல் விடும். யோக்கை மட்டும் 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். மிக் வெல்டில் 0.8 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு நன்றாக வரும். ஆர்க் வெல்டு என்றால் 7018 எலக்ட்ரோடு. ஆனால் அது ஈரத்தை இழுக்கும். கடலூர், புதுச்சேரி காற்றில் திறந்த பாக்கெட் ஒரு ராத்திரி இருந்தாலே போதும். சுட்டு உலர்த்தாமல் போட்டால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய், வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வரும். கேட்டிலும் ஜன்னலிலும் போடும் 6013 இங்கே வேண்டாம்.

கால் வட்டம் போட்டு, எதிர்ப்பக்கக் கால் வட்டத்துக்குப் போய், மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரே மூச்சில் சுற்றி வந்தால் குழாய் ஆரம்பித்த பக்கம் இழுத்து வளையும். எர்த் கிளிப்பைக் குழாயிலேயே மாட்டுங்கள். கிராஸ் மாட்டியிருக்கும்போது எர்த்தை ஃபிளாஞ்சில் கொடுத்தால் மின்சாரம் ஊசி பேரிங் வழியாகப் பாய்ந்து, ஊசிகளில் பொறி பட்டுக் குழி விழும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது. சாக்கில் சுற்றி வைத்துத் தானாக ஆறவிடுங்கள். அழகுக்காக வெல்டைக் கிரைண்டரில் மழிப்பதும் வேண்டாம், அங்கேதான் பலம் இருக்கிறது. ஆறியதும் அவுட் மீண்டும் பார்க்க வேண்டும். வெல்டுக்கு முன் சரியாக இருந்தது என்பது கணக்கில் வராது.

பேலன்சிங்

இதைத் தவிர்க்க வழியில்லை. லாரி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் மிஷினில் ஆம்னி ஷாஃப்டும் ஏறும். ஆனால் அவர்களிடம் லாரி ஃபிளாஞ்சுக்கான அடாப்டர்தான் இருக்கும். அதனால் உங்கள் ஸ்லிப் யோக்கையும் பினியன் ஃபிளாஞ்சையும் கூடவே எடுத்துப் போங்கள். புது கிராஸ் மாட்டி, முழுதாகச் சேர்த்த நிலையில்தான் பேலன்ஸ் செய்ய வேண்டும். கிராஸைப் பிறகு மாட்டினால் செய்த பேலன்ஸ் வீண். பழைய எடைத் துண்டுகளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எவ்வளவு துல்லியம் கேட்பது? ஐஎஸ்ஓ 21940-11 தரத்தில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கான ஜி16 தரத்தை வைத்துக்கொண்டால், 5 கிலோ ஷாஃப்ட் 5000 சுற்றில் ஓட ஒவ்வொரு முனையிலும் 75 கிராம்-மி.மீ. வரை மிச்சம் இருக்கலாம். 32 மி.மீ. ஆரத்தில் அது இரண்டரை கிராமுக்கும் குறைவு. அதனால்தான் பெயின்ட்கூட இங்கே முக்கியம். ஷாஃப்டுக்கு மெல்லிய பிரைமரும் ஒரு கோட் பெயின்டும் மட்டும், அதுவும் பேலன்சிங்குக்கு முன்பே. அடிப்புறத்துக்குப் பூசும் ரப்பர் கோட்டிங்கை ஷாஃப்டில் பூசினால் ஒரு பக்கம் தடித்து எல்லாம் கெடும். உப்புக்காற்றுக்குப் பயந்து கெட்டியாகப் பூசத் தோன்றும். அந்தக் கவனத்தை ஆண்டுக்கொரு முறை துரு பார்ப்பதில் காட்டுங்கள்.

பொருத்துதல்

கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸையே வாங்குங்கள். கப்பை அழுத்தும்போது உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழுந்தால் கப் கடைசி வரை போகாது, சர்க்ளிப் (கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையக் கிளிப்) காடியில் உட்காராது. அப்போது சுத்தியால் ஓங்கி அடித்து உட்காரவைக்காமல் கழற்றி ஊசியை நிமிர்த்துங்கள். சர்க்ளிப் போட்ட பிறகு யோக்கின் காதை லேசாகத் தட்டினால் கப் வெளிப்பக்கம் நகர்ந்து இறுக்கம் தளரும். ஜாயின்ட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, பிடிப்பில்லாமல், ஆட்டமும் இல்லாமல் மடங்க வேண்டும்.

ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், பழைய அதே நீளம், அதே அல்லது உயர்ந்த தரம், புது லாக் நட். ஃபிளாஞ்ச் முகத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. பெயின்ட் அமுங்கினால் போல்ட் தளரும். ஸ்லிப் யோக்கின் வெளிப்புறத்தில் கியர் ஆயில் தடவிச் செருகுங்கள், உலர்ந்த யோக் சீலைக் கிழித்துவிடும்.

ஷாஃப்ட் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடப்போகிறது. முன் கிராஸ் விட்டால் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கும், அல்லது சுழன்றபடி உள்ளே அடிக்கும். முன் ஜாயின்டிலிருந்து 150 மி.மீ.க்குள் 6 மி.மீ. தடிமன், 50 மி.மீ. அகலப் பட்டையில் முழு வளையம் ஒன்றைச் சட்டத்தோடு போல்ட் போடுங்கள். பின் முனையிலும் ஒன்று இருந்தால் நல்லது. வளையத்துக்கும் குழாய்க்கும், ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையிலும் தொங்கும் நிலையிலும், சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஷாஃப்ட் ஓடும் சுரங்கத்துக்குள் வரவே கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது

ஸ்டாண்டில் ஏற்றிச் சோதிப்பதானால் ஸ்டாண்டை ஹவுசிங்குக்குக் கீழே வையுங்கள், சட்டத்துக்குக் கீழே அல்ல. சட்டத்தில் தூக்கினால் ஹவுசிங் தொங்கி, கோணம் கூடி, நல்ல ஷாஃப்டே அதிரும். முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஷாஃப்டின் நேரே யாரும் நிற்காமல், 2000 சுற்றுக்கு மேல் போகாமல் பாருங்கள். மீதியை ஓடுதளத்தில்.

அதிர்வு வந்தால் முதலில், அது எஞ்சின் சுற்றோடு போகிறதா வண்டி வேகத்தோடு போகிறதா என்று பிரித்தறியுங்கள். அதிர்கிற வேகத்திலேயே கிளட்ச் மிதித்து எஞ்சின் சுற்றை இறக்குங்கள். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்டோ சக்கரமோ. கைப்பேசியின் அதிர்வு அளக்கும் செயலியில் அலைவெண்ணைப் பாருங்கள். ஷாஃப்ட் 3000 சுற்றில் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் என்றால் சுற்றுக்கு ஒரு முறை: பேலன்ஸ் அல்லது அவுட். 100 ஹெர்ட்ஸ் என்றால் சுற்றுக்கு இரண்டு முறை: ஜாயின்ட் கோணம் சமமில்லை, அல்லது யோக்குகள் ஒரே தளத்தில் இல்லை. 100 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு மறுபடி பேலன்சிங் கடைக்கு ஓடுவது காசுக்குக் கேடு. இழுக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் பினியன் மூக்கு எழும்புகிறது என்று அர்த்தம். ஆப்பை மாற்றி அரைப் பாகை இறக்கிப் பாருங்கள். புறப்படும்போது ‘டக்’ என்று ஒரு தட்டு கேட்டால் கிராஸ், ஸ்ப்லைன், பினியன் நட் மூன்றையும் அந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

முதல் 50 கி.மீ. கழித்தும், பிறகு 500 கி.மீ. கழித்தும் ஃபிளாஞ்ச் போல்ட்டையும் ஸ்பிரிங் யு-போல்ட்டையும் மீண்டும் இறுக்குங்கள். வெல்டு ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கிராஸுக்கு லித்தியம் கிரீஸ், நான்கு சீலிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். ஒரு சீலில் மட்டும் வராவிட்டால் அந்தக் கப்புக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மறுநாளே கிரீஸ் அடித்து உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளிவிடுங்கள்.